சென்ற முறை போலவே

மார்ச் 4

டேய் ஸ்கேலு,

போன் பண்ணா எடுக்கறதில்ல. மெசேஜ் அனுப்பினா மூணு நாள் கழிச்சு ஒரு 'சரி' வருது. அதான் பேனாவ எடுத்துட்டேன். பழைய பஸ் டிக்கெட்டயே பத்திரமா வெச்சிருக்கற ஆள் நீ, அக்கா கடிதத்தப் படிக்காம தூக்கிப்போட மாட்டேன்னு ஒரு நம்பிக்கை.

உங்க ஆபீஸ் முடிவு வந்துடுச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தாறு. சர்க்கரை நோயாளிகளைப் பாக்கற நாப்பத்திரண்டு கிளினிக்குல நான்தான் முதல். மூணு மாசச் சராசரி சர்க்கரை எத்தன பேருக்கு எடுத்தோம், கண்ணு பாத்தோமா, சிறுநீர்ல புரதம் போகுதான்னு பாத்தோமா, பாதத்தப் பாத்தோமான்னு எல்லாத்தயும் தோண்டி எடுத்து மார்க் போட்டிருக்கீங்க. பாதத்துல மட்டும் நூத்துக்கு நூறு. ஸ்கூல்ல கூட நான் அப்படி வாங்கினதில்ல. நர்ஸம்மா அந்தக் காகிதத்துக்கு பிளாஸ்டிக் ஒட்டி எடை மெஷினுக்கு மேல மாட்டிட்டாங்க. எடை பாக்க ஏறினவங்க எல்லாம் தன் எடைய விட்டுட்டு என் மார்க்கப் படிக்கறாங்க.

சின்ன வயசுல கேக் வெட்டினா யாருக்குப் பெரிய துண்டுன்னு ஸ்கேல் வெச்சு அளப்ப. அந்தப் புத்திக்கே சம்பளம் குடுக்கற வேலை கிடைச்சிருக்கு உனக்கு. ஆனா ஒண்ண மறந்துடாத. நீ சேந்த புதுசுல எந்த டாக்டரும் 'என்னை அளந்துக்கோ'ன்னு முன்னாடி வரல. முதல் ஆளா கம்ப்யூட்டரத் திறந்து குடுத்தது உன் அக்காதான்.

அப்பா நல்லா இருக்கார். செயற்கைக் கால் கடிக்குதுன்னு தினமும் ஒரு புகார். முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பாத்த மனுஷன், அந்தக் கால் ஸ்க்ரூவயும் அவரே கழட்டி மாட்டறார், யாரயும் தொட விடறதில்ல. எங்க கட்டிடத்து லிஃப்ட் கொஞ்சம் முனகினா போதும், பராமரிப்பு பாக்கறவங்கள அர்ச்சனை பண்ண ஆரம்பிச்சுடுவார். உன்னயும் கேக்கறார். கேக்கறார்னா, 'அவன் வரானா'ன்னு ஒரு வார்த்த. நான் பதில் சொல்றதுக்குள்ள டிவி சத்தத்தக் கூட்டிடுவார்.

நடந்தது நடந்துபோச்சுடா. ரெண்டு வருஷம் ஆகப்போகுது. ஆஸ்பத்திரி வராந்தாவுல எல்லார் முன்னாடியும் நான் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, புண்ணு அழுகி கால எடுக்கற வரைக்கும் நீ கவனிக்கலயேன்னு வயித்தெரிச்சல். இப்ப அதெல்லாம் இல்ல. மன்னிச்சுட்டேன். ஒரு தடவ வந்துட்டுப் போ.

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வாழ்த்துகள். அந்த மதிப்பெண் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். உன் தம்பி என்பதால் கையெழுத்தை மட்டும் மேலதிகாரியிடம் வாங்கினேன். தொண்ணூற்றாறு என்று அடிக்கும்போது கை கொஞ்சம் நின்றது. பெருமையில்தான்.

வேலை இன்னும் முடியவில்லை. அடுத்த கட்டம் முரண் சரிபார்ப்பு. ஒரே நோயாளியைப் பற்றி ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு குறிப்புகள் இருந்தால் கம்ப்யூட்டர் அதைத் தனியே எடுத்துக் கொடுக்கும். போன வாரம் எண்பது வயதுப் பெரியவர் ஒருவருக்குப் பிரசவத் தேதி போட்டிருந்தார்கள். பெயர் எதுவும் எங்களுக்குத் தெரியாது. எண், வயது, வந்த தேதி, டாக்டர் எழுதியது, அவ்வளவுதான். உன் கிளினிக்கில் ஆறு வந்திருக்கின்றன. பெரும்பாலும் அவசரத்தில் தட்டியதாக இருக்கும். அடுத்த வாரம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். நன்றி. உனக்குச் சொல்லவேண்டுமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அந்த ஜூன் மாதம் முதல் வாரத்தில் துணி துவைக்கப் போட்டபோது அப்பாவின் சாக்ஸில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. நாற்றமும் இருந்தது. என்னப்பா இது என்று கேட்டேன். போன வாரம்தான் அக்கா பார்த்தாள், ஒன்றுமில்லை என்றாள் என்று சொன்னார். டாக்டரே பார்த்துவிட்டாள், இனி நான் என்ன பார்ப்பது என்று மெஷினைப் போட்டுவிட்டேன். அன்று வராந்தாவில் இதைச் சொன்னபோது, அவர் உன்னிடம் காலைக் காட்டவே இல்லை என்றாய். சரிதான், அப்பா மறைக்கக்கூடிய ஆள்தான். நான் சாக்ஸைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

சீக்கிரம் வரப் பார்க்கிறேன். அப்பாவிடம் சொல்ல வேண்டாம். வராமல் போனால் அதற்கும் சேர்த்து வருத்தப்படுவார்.

தம்பி


மார்ச் 19

டாக்டர் அவர்களுக்கு,

நோயாளி எண் 217. ஆண். வயது எழுபத்தொன்று. இரண்டு வருடத்துக்கு முன் ஜூன் 14 அன்று இடது கால் முழங்காலுக்குக் கீழே நீக்கப்பட்டதாக ஆஸ்பத்திரிக் குறிப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. அதே வருடம் ஆகஸ்ட்டிலும் நவம்பரிலும் நீங்கள் அவரைப் பார்த்துவிட்டு இப்படிப் பதிந்திருக்கிறீர்கள்: இரண்டு பாதங்களும் பார்க்கப்பட்டன, புண் இல்லை, இரண்டிலும் நாடித்துடிப்பு இயல்பு.

நான் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, இல்லாத காலில் நாடி பிடித்த டாக்டரைப் பாருங்கள் என்று காட்டினேன். அவரும் சிரித்தார். இதை அலுவலக விருந்தில் சொல்லவேண்டும் என்றார். அப்புறம்தான் ஜூன் 14 என்ற தேதி கண்ணில் பட்டது. அன்று காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணி வரை நான் எந்த ஆஸ்பத்திரியில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்பாவின் குறிப்பு என்று தெரிந்த உடனே மூடியிருக்க வேண்டும். விதி அதுதான். நான் மூடவில்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். அந்தத் தப்பை மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன்.

கால் போவதற்கு முந்தைய நாலு மாதங்கள். பிப்ரவரி 9, மார்ச் 16, ஏப்ரல் 20, மே 25. நாலு முறையும் அதே வரிகள், ஒரு எழுத்து மாறாமல். உங்கள் கம்ப்யூட்டரில் 'சென்ற முறை போலவே' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் போன தடவை எழுதிய எல்லாமே இந்தத் தடவைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த வரி கையால் எழுதியது, எந்த வரி பட்டனால் வந்தது என்று அது தனியே குறித்துவைக்கிறது. டாக்டர்களுக்கு இது தெரியாது, எங்களுக்குத் தெரியும். பாதத்தைப் பற்றிய எல்லா வரிகளும் பட்டனால் வந்தவை. மே 25 அன்று காலை அப்பாவின் பக்கம் திறந்து மூடப்பட்ட நேரம் நாற்பத்தொரு விநாடி.

அதற்கடுத்த வாரம்தான் நான் அந்த சாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.



மதிப்பீட்டாளர்


மார்ச் 24

டாக்டர் அவர்களாம். நீங்களாம். மதிப்பீட்டாளராம். உனக்கு மூக்கு சிந்திவிட்ட கைடா இது.

சரி, நானும் உன் பாணியிலயே கணக்கு சொல்றேன். ஒரு நாளைக்கு எழுபது பேர். ஒவ்வொருத்தருக்கும் உங்க ஆபீஸ் கேக்கற கட்டம் அறுபத்தெட்டு. எல்லாத்தயும் கையால நிரப்பினா முதல் ஆள் முடியறதுக்குள்ள கடைசி ஆள் வீட்டுக்குப் போயிருப்பான். அந்தப் பட்டன அமுக்காத டாக்டர் ஒருத்தர் இருந்தா கூட்டிட்டு வா, கால்ல விழறேன்.

அப்பா எப்படி வருவார்னு உனக்குத் தெரியாதா? பேஷன்ட் மாதிரியா வருவார்? மாடியில லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிட்ட மாதிரி வருவார். வரிசையில உக்கார மாட்டார், ரெண்டு பேருக்கு நடுவுல கதவத் திறந்து தலைய நீட்டுவார். ரத்த அழுத்தம் பாப்பேன், மாத்திரை எழுதுவேன், போயிடுவார். அந்த வேலை பூட்ஸ் வேற. கணுக்காலுக்கு மேல வரைக்கும் கயிறு, ரெட்டை முடிச்சு. ரிடையர் ஆகி பத்து வருஷம் ஆகியும் அத விடல. கழட்டிப் பாக்கணும்னா அஞ்சு நிமிஷம், திரும்பக் கட்ட அஞ்சு நிமிஷம். வெளிய நாப்பது பேர் கதவயே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. நீயே சொல்லு.

உன் மேல வெச்ச நம்பிக்கையிலதான் என் கம்ப்யூட்டரத் திறந்து குடுத்தேன். நீ அதுல நுழைஞ்சு வீட்டு விஷயத்தத் தோண்டி என் கழுத்துல கத்தி வெக்கற. ரெண்டு வருஷமா மனசுல வெச்சிருந்து சமயம் பாத்துட்டிருந்தியா? அப்பாவ இப்ப யார் குளிப்பாட்டறது, யார் வேலைய விட்டுட்டு ராத்திரி பகலா கூட இருந்தது? அதுக்கு உங்க படிவத்துல கட்டம் இருக்கா?

இப்படி முரண் வந்தா 'தட்டச்சுப் பிழை'ன்னு எழுதி மூடலாம்னு நீதான் ஒரு தடவ சொன்ன. எழுதி மூடிடு. என் கிளினிக்க நம்பி ரெண்டாயிரம் பேர் இருக்காங்க. வேற யாருக்காகவும் நீ பண்ண வேண்டாம், அக்காவுக்காக இந்த ஒரு தடவ.


மார்ச் 30

டாக்டர் அவர்களுக்கு,

அப்பா உங்களிடம் காலைக் காட்டவே இல்லை என்று அன்று வராந்தாவில் சொன்னீர்கள். காலைப் பார்த்தேன், இயல்பாக இருந்தது என்று படிவத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று உங்கள் வாயால் வந்தது, மற்றது உங்கள் கையால் வந்தது. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. முரண் சரிபார்ப்பு என்றால் இவ்வளவுதான். எது பொய் என்று நீங்களே சொல்லுங்கள்.

தட்டச்சுப் பிழை என்று எழுத மாட்டேன். அந்தக் குறிப்பு இனி என்னிடம் இருக்கவும் கூடாது. எங்கள் அலுவலகத்தில் வேறொரு அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டேன். அவர் நேரில் வருவார். உங்களைத் தண்டிக்கச் சொல்லி நான் யாரையும் அனுப்பவில்லை. பாதத்துக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தது எங்கள் அலுவலகம். நீங்கள் எழுதியதைத்தான் எண்ணினோம், பார்த்தீர்களா என்று யாரும் வந்து பார்க்கவில்லை. அந்த வெட்கம் எனக்கும் உண்டு.

சமயம் பார்த்திருந்தேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடம் நான் என்ன பார்த்திருந்தேன் என்று சொல்கிறேன். எனக்குப் பேசி முடித்திருந்த இடத்தில் சித்தி போய், பெற்ற அப்பன் காலைப் பார்க்காதவன் கட்டினவளை என்ன பார்ப்பான் என்று சொன்னாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது. சித்தி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது சரி என்றுதான் இருந்தேன். அப்பாவை நீங்கள் கூட்டிக்கொண்டு போனபோது, தடுக்க எனக்கு என்ன யோக்கியதை என்று அவருடைய பெட்டியை நானே தூக்கிவந்து காரில் வைத்தேன். அந்த வீட்டில் தனியே இருக்க முடியாமல்தான் இந்த ஊருக்கு வந்தேன். இங்கே யாராவது அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்புறம் நீ ஒரு கடிதம் போட்டு, மன்னிச்சுட்டேன்னு எழுதின. எதுக்குக்கா மன்னிச்ச என்னை? நான் அதுக்கு நன்றி வேற எழுதினேன்.

ஒரே ஒரு கேள்விதான் எனக்கு மிச்சம். நீங்கள் காலைப் பார்க்கவில்லை என்று அப்பாவுக்குத் தெரியும், அது அவருடைய கால். ஆனால் வராந்தாவில் நீங்கள் பேசியதெல்லாம் அவர் மயக்கத்தில் இருந்தபோது நடந்தது, என் மேல் விழுந்த பழியைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று நினைத்துத்தான் இத்தனை நாள் இருந்திருக்கிறேன். அது சரிதானா? அப்பாவுக்குத் தெரியுமா?


ஏப்ரல் 15

தம்பிக்கு,

உங்க ஆபீஸ் அம்மா வந்துட்டுப் போனாங்க. தலைமுடிய இறுக்கிக் கட்டிக்கிட்டு, பேசறதயும் அளந்து பேசற பொம்பளை. என்கிட்ட ஒண்ணும் கேக்கல. நேரா வெளிய போய் பெஞ்சுல இருந்தவங்களப் பாத்து, உங்க டாக்டர் கடைசியா எப்ப உங்க செருப்ப, ஷூவக் கழட்டிப் பாத்தாங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டாங்க. முப்பது பேர். பாத்திருக்காங்கன்னு சொன்னது நாலு பேர். அந்த நாலுல ஒருத்தர் எனக்காகப் பொய் சொன்னார், எனக்கே தெரிஞ்சுது.

காலேஜ் கேன்டீன்ல சமையல் பண்ற அம்மா ஒருத்தங்க இருந்தாங்க. மூணு வருஷமா என்கிட்ட வராங்க. அவங்களுக்குக் கோபமே வந்துடுச்சு. 'ஷூவ எதுக்குக் கழட்டணும்? எங்க டாக்டரம்மா மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவாங்க'ன்னு சண்டைக்குப் போனாங்க. எனக்குப் பரிஞ்சுதான் பேசினாங்கடா. எனக்கு அங்க நிக்க முடியல. உள்ள கூப்பிட்டு, நானே கீழ உக்காந்து ஷூவக் கழட்டினேன். வலது கட்டைவிரலுக்கு அடியில சட்டை பட்டன் அளவுக்கு ஓட்டை. ஷூக்குள்ள ஒரு சின்ன ஆணி தலைய நீட்டிட்டு இருந்துச்சு. எத்தன நாளா அது மேல நடந்துட்டிருந்தாங்களோ, சர்க்கரையில மரத்துப்போன கால், ஒரு உணர்ச்சியும் இல்ல. மூணு வருஷமா அந்தக் கால் என் கம்ப்யூட்டர்ல இயல்பு.

அன்னிக்கு மத்தியானமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். கால் தப்பிச்சுடும்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வாரமா நானும் நர்ஸம்மாவும் வர எல்லாரோட காலயும் பாக்கறோம். ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு மேல முடியல. மிச்சப் பேர் திட்டிட்டுத் திரும்பிப் போறாங்க. இதுவரைக்கும் பதினொரு புண்ணு. அதுல ரெண்டு, அப்பாவோடது மாதிரி. எடை மெஷினுக்கு மேல இருந்தத நானே கழட்டிட்டேன். சுவத்துல நாலு ஆணி ஓட்டைதான் இருக்கு.

எது பொய்னு கேட்ட. படிவத்துல இருக்கறது பச்சைப் பொய். வராந்தாவுல சொன்னது அத விட மோசம். அவர் காட்டலங்கறது நிஜம்தான். நான் காட்டச் சொல்லலங்கறத முழுங்கிட்டேன். புண்ணுக் கட்டு பிரிச்ச உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது ஒரு வாரத்துப் புண்ணு இல்ல, ரெண்டு மூணு மாசத்துது, இதுக்கு நடுவுல என்கிட்ட ரெண்டு மூணு தடவ வந்திருக்கார். சர்ஜன் வெளிய வந்து, யாரு இவரப் பாத்துக்கறதுன்னு கேட்டார். நானும் டாக்டர், அவரும் டாக்டர். அவர் முன்னாடி என்னால நான்தான்னு சொல்ல முடியல. நீ பக்கத்துல நின்ன. உன் மேல சுட்டிக்காட்டிட்டேன். சித்தி அங்க வந்து சேந்தா. சொன்னத இன்னும் சத்தமா சொல்ல வேண்டியதாப் போச்சு. அப்புறம் சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம் மாதிரி ஆயிடுச்சு. உன்ன மன்னிச்சேன்னு எழுதினப்போ சத்தியமா பெரிய மனசோடதான் எழுதினேன், அத நினைச்சாத்தான் எனக்கு என்மேலயே அருவருப்பா இருக்கு.

நீ என்ன வேணா திட்டு. டாக்டர் அவர்கள்னு மட்டும் எழுதாத.

அக்கா


ஏப்ரல் 20

எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட கேள்வியை மட்டும் தொடவில்லை. கவனிக்காமல் விட்டீர்கள் என்று நான் நம்பத் தயாரில்லை.

அப்பாவுக்குத் தெரியுமா?


மே 2

தம்பி,

தெரியாம விடல. எழுதப் பயந்துதான் விட்டேன். எனக்கே பதில் தெரியாது, கேக்கவும் தைரியம் இல்ல. முந்தாநாள் சாயங்காலம் கேட்டுட்டேன்.

பால்கனியில உக்காந்து அந்தச் செயற்கைக் கால மடியில வெச்சுக்கிட்டு ஸ்க்ரூவ முடுக்கிட்டு இருந்தார். எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காந்தேன். நீ கண்டுபிடிச்சது, அந்த நாப்பத்தொரு விநாடி, உங்க ஆபீஸ் அம்மா வந்தது, பதினொரு புண்ணு, எல்லாத்தயும் ஒண்ணு விடாம சொன்னேன். கேட்டுட்டே இருந்தார், கை மட்டும் ஸ்க்ரூட்ரைவர விடல. சாக்ஸ் பத்தி அவன் கேட்டப்போ நான் பாத்ததா ஏன் சொன்னீங்கன்னு கேட்டேன். அவன் பயந்து உடனே இழுத்துட்டு வருவான், உனக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான் அப்படிச் சொன்னாராம். வலியே இல்லயே, சின்னக் கொப்புளம்னு நினைச்சாராம்.

அப்புறம் உன் கேள்வி. ஆப்பரேஷனுக்கு முன்னாடி அவர உள் ரூம்ல படுக்க வெச்சிருந்தாங்க, ஞாபகம் இருக்கா? நாம நினைச்ச மாதிரி மயக்கத்துல இல்ல. ஊசி அப்புறம்தான் போட்டிருக்காங்க. கதவு திறந்துதான் இருந்திருக்கு.

'நான் அவனப் பேசினது உங்களுக்குக் கேட்டுதாப்பா?'

'கேட்டுச்சு.'

'அப்ப ஏன் ஒரு வார்த்த சொல்லல? இந்த ரெண்டு வருஷத்துல ஏன் சொல்லல?'

ஸ்க்ரூவ முழுக்கக் கழட்டி, திரும்ப மாட்டினார். அப்புறம் சொன்னார்:

'நான் வாயத் திறந்திருந்தா உன் கிளினிக் அன்னியோட மூடியிருக்கும். அப்பன் காலயே பாக்கல, நம்ம கால எங்க பாக்கப் போறாங்கன்னு போயிடுவாங்க. அவனுக்கு என்ன, ஆபீஸ் வேலை. நாலு பேர் திட்டினா வேலையா போயிடும்? அவன் தாங்குவான்.'

கோபமா சொல்லலடா. வருத்தமாவும் சொல்லல. எந்தக் கயிறு எத்தன கிலோ தாங்கும்னு சொல்ற மாதிரி சொன்னார். சொல்லிட்டு, டிவியப் போடச் சொன்னார்.

உன்ன ஏமாத்தினது நான் ஒருத்தின்னுதான் இது வரைக்கும் நினைச்சிட்டிருந்தேன். ரெண்டு பேரும் சேந்து பண்ணியிருக்கோம். ஒரே வீட்டுல, ஒரே மேசையில சாப்பிட்டுக்கிட்டு, இதப் பத்தி ஒரு வார்த்த பேசிக்காம. எனக்கு அவர்மேல கோபப்படக் கூட வழியில்ல. என்னக் காப்பாத்தத்தான் பண்ணியிருக்கார்.

சித்திக்கு நேத்து போன் பண்ணி நடந்தத சொல்லிட்டேன். முதல்ல நம்பல, அப்புறம் அழுதா. உனக்குப் பேசறேன்னா. உங்க ஆபீஸ் புது மார்க்கும் வந்துடுச்சு. மொத்தம் அறுபத்தொண்ணு, பாதத்துக்குப் பதிமூணு. அதயும் நர்ஸம்மாகிட்ட குடுத்து அதே நாலு ஓட்டையில ஆணி அடிச்சு மாட்டச் சொல்லிட்டேன். பிளாஸ்டிக் ஒட்டட்டுமான்னு கேட்டாங்க. ஒட்டுங்கன்னேன்.

இத எழுதாம விட்டிருக்கலாம். தெரியாதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா நீ நம்பியிருப்ப, அப்பாவாவது உனக்கு மிச்சமிருந்திருப்பார். ரெண்டு நாள் அதயேதான் யோசிச்சேன். திரும்பவும் உன்கிட்ட பாக்காதத பாத்ததா எழுத என் கை வரல.

அக்கா


மே 17

அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நடுவில் சித்தி பேசினாள். ரொம்ப அழுதாள். நான்தான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. பரவாயில்லை சித்தி, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான், இதைத்தான் காலம் முழுக்கச் சொல்லிவந்திருக்கிறேன் என்று உறைத்தது.

உண்மையை எழுதியதற்கு உன் மேல் கோபமில்லை. மற்றதற்கெல்லாம் இருக்கிறது. எவ்வளவு நாள் இருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை, இதை அளக்க என்னிடம் எதுவும் இல்லை. இப்போதைக்கு வர மாட்டேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன மாதத்திலிருந்து தாகம் அதிகமாக இருந்தது. போய்ப் பார்த்தேன். எனக்கும் சர்க்கரை ஆரம்பித்திருக்கிறது. பயப்படும் அளவு இல்லை என்றார் டாக்டர். எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் கிளினிக்கில் இருப்பவர், உன்னைவிட வயதானவர். எங்கள் பட்டியலில் அவருக்கு நாற்பத்தொன்றாவது இடம்.

ரத்த அழுத்தம் பார்த்து முடித்ததும், ஷூவைக் கழற்றுங்கள் என்றார். எதற்கு டாக்டர், இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறது என்றேன். கழற்றுங்கள் என்றார் மறுபடி. குனிந்தேன். முடிச்சு அவிழவில்லை. கண் நிறைந்து சரியாகத் தெரியவில்லை எனக்கு. அவர் தன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவரே அவிழ்த்தார். ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார். அடிப்பாதத்தில் ஒரு நைலான் இழையால் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று பத்து இடத்தில் கேட்டார். சுவரில் கடிகாரம் இருந்தது. என் புத்தி உனக்குத் தெரியுமே, பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு நிமிடம் ஆயிற்று அக்கா. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கிளம்பும்போது மேசைமேல் என் படிவம் இருந்தது. பாதம் என்ற கட்டத்தில் எதையும் நிரப்பாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எங்கள் கணக்கில் அவர் என் காலைப் பார்க்கவே இல்லை.

அப்பாவுக்கு எனக்குச் சர்க்கரை என்று சொல்லாதே. நான் எப்படி இருக்கிறேன் என்றும் சொல்லாதே. அவன் வரானா என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்புவார் இல்லையா, அப்போது சத்தத்தைக் கூட்டுவதற்கு முன்னால் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொள். எடுத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொல்.

அவன் தாங்கலப்பான்னு சொல்லு.

தம்பி